லாட்ஜ், ஆறு, மான் மலை: விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு ஹைலேண்ட் எஸ்டேட்

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்டில், சதர்லாந்தில் நாங்கள் வழக்கமாக வாடகைக்கு எடுத்துத் தங்கும் எஸ்டேட் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. லாட்ஜ் (வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருபவர்கள் தங்கும் பெரிய வீடு), சால்மன் மீன் ஆறு, ட்ரவுட் மீன் ஏரிகள், மான் வேட்டை மலை எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ஏக்கருக்கு மேல். இன்வர்னஸிலும் அபர்டீனிலும் இருக்கும் நம்மவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். "நீங்கதான் அங்க போய் வர்றீங்களே அக்கா, எப்படி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல். பேரம் நடந்துகொண்டிருப்பதால் எஸ்டேட் பெயரோ ஏஜென்ட் பெயரோ வேண்டாம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்கு முழு மார்க். ஆற்றுக்கு நிபந்தனையோடு நல்ல மார்க். லாட்ஜுக்குப் பாதிதான். விற்பனைப் புத்தகத்தைப் பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் லாட்ஜ் படங்கள். ஆற்றுக்கு நான்கு பக்கம், மலைக்கு மூன்று. அந்த மலையைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஸ்டாக்கருக்கு, அதாவது மான் வேட்டையை நடத்தும் மலைக்காவலருக்கு, ஒரே வரி: "மூன்று படுக்கையறை கொண்ட ஊழியர் வீடு".

போகும் வழி எளிது, ஆனால் நேரம் பிடிக்கும். இன்வர்னஸிலிருந்து வடக்கே லேர்க் வரை நல்ல சாலை. பெட்ரோலை அங்கேயே போட்டுவிடுங்கள். அப்புறம் ஒற்றை வழிச் சாலைதான்; எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே சின்ன இடம் விட்டிருப்பார்கள். ஆடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். செல்போன் சிக்னல் ஒரு திருப்பத்தில் போய்விடும், லாட்ஜ் வரும்வரை திரும்பாது. லாட்ஜிலும் மாடிப்படி ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

லாட்ஜ் விக்டோரியா காலத்துக் கட்டடம். விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட்டும் 1848-இல் ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்து, 1852-இல் சொந்தமாகவே வாங்கினார்கள். அதைப் பார்த்துத் தெற்கே இருந்த பணக்காரர்கள் எல்லோருக்கும் ஹைலேண்டில் ஒரு வேட்டை லாட்ஜ் வேண்டும் என்றாகிவிட்டது. இதுவும் அந்த அலையில் எழுந்ததுதான். பைன் பலகை அடித்த கூடம், சுவர் முழுக்க மான் கொம்புகள், ஒவ்வொன்றின் அடியிலும் வருடமும் எடையும் எழுதிய சின்னத் தகடு. எடை எல்லாம் ஸ்டோன் கணக்கில். ஒரு ஸ்டோன் என்பது ஆறேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

எனக்கு இந்த வீட்டில் ரொம்பப் பிடித்த அறை, ஈரத்துணி உலர்த்தும் அறை. பாய்லருக்குப் பக்கத்தில், கூரைவரை மரச்சட்டங்களோடு இருக்கும். நாள் முழுக்க மழையில் ஊறிய ட்வீட் கோட்டையும் பூட்ஸையும் சாயங்காலம் அங்கே போட்டால் காலையில் கதகதவென்று எடுத்து மாட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு அறை சரியாக இல்லாவிட்டால் மற்ற பத்து படுக்கையறையும் இருந்து பயனில்லை. இங்கே அருமையாக இருக்கிறது.

மற்றதில்தான் குறை. ஜன்னல்கள் எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. வடக்குப் பக்கத்து அறையில் காற்றடித்தால் திரைச்சீலை உள்ளே ஆடுகிறது. பின்கட்டுக் கூரையில் ஸ்லேட் நழுவி, ஒரு படுக்கையறையில் வாளி வைத்துத்தான் நாங்கள் தூங்கினோம். சொல்லியும் அடுத்த முறை போனபோது வாளி அதே இடத்தில் இருந்தது. சூடேற்றுவது எண்ணெய் பாய்லர், டேங்கர் வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் அல்ட்னஹாராவில் 1995 டிசம்பர் 30-ஆம் தேதி மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. பிரிட்டனிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளில் அது ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் ஆளில்லாத வீட்டைக் குளிர்காலம் முழுக்க லேசாகவாவது சூடாக வைத்திருக்காவிட்டால் குழாய்கள் வெடிக்கும். அந்த எண்ணெய்ச் செலவைப் புத்தகத்தில் தேடினேன், இல்லை. ஏஜென்டிடம் கேட்டால் தருவார்கள். கட்டாயம் கேளுங்கள், மூன்று வருடத்துக் கணக்காகக் கேளுங்கள்.

தண்ணீர் மலை ஓடையிலிருந்து வருகிறது. குளியல் தொட்டியில் பிடித்தால் கடுந்தேநீர் நிறம். முதல் தடவை பார்ப்பவர்கள் பதறுவார்கள். அது அழுக்கில்லை, பீட் என்ற மக்கிய தாவர மண்ணின் சாறு. ஆனால் நான் மருத்துவமனை லேபில் வேலை செய்பவள். நிறத்தைவிட எனக்கு முக்கியம் கிருமி. மான் மேயும் சரிவிலிருந்து வரும் நீருக்கு வடிகட்டியும் புறஊதா விளக்கும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். இங்கே இரண்டும் இருக்கின்றன; விளக்கை மாற்றிய தேதியைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்தும் ஸ்டாக்கருடையதுதான்.

இனி ஆறு. நான் அங்கே போவதே இதற்காகத்தான்.

பெரிய ஆறு இல்லை. மழை பெய்தால் ஏறும், இரண்டு நாளில் இறங்கும். ஏறி இறங்கும் அந்த நேரம்தான் சால்மனுக்கு நேரம். ஒவ்வொரு மடுவுக்கும், ஹைலேண்டின் பழைய மொழியான கேலிக்கில் ஒரு பெயர். மடுவின் தலையில் தொடங்கி, நீளக் கோலால் கயிற்றைக் குறுக்குவாட்டில் வீசி, ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கைப் பூச்சி, எதிர்க்கரையிலிருந்து நம் கரைக்கு மெல்ல வளைந்து வரும்வரை பொறுத்து, இரண்டு எட்டுக் கீழே இறங்கி மறுபடி வீச வேண்டும். அவ்வளவுதான் வேலை, நாள் முழுக்க. மீன் எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கயிறு ஓரிடத்தில் நின்றுவிடும், பாறையில் மாட்டிக்கொண்டது போல. அப்புறம் அந்தப் பாறை நகர ஆரம்பிக்கும். அந்த நொடியில் கையைத் தூக்கக் கூடாது, கயிற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். மீன்பிடிக்கக் கூட வரும் வழிகாட்டியான கில்லி பின்னாலிருந்து "பொறு, பொறு" என்பார். இந்தப் பக்கத்து ஆறுகளில் வில்லி கன் என்ற ஃப்ளைக்கு மவுசு அதிகம். சதர்லாந்து எஸ்டேட் ஒன்றின் காவலர் பெயரில் வந்தது அது. வெள்ளம் வடியும்போது நானும் அதைத்தான் கட்டுவேன்.

பிடித்த மீனை எல்லாம் நாங்கள் விட்டுவிடுகிறோம். ஸ்காட்லாந்து முழுக்க ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனை விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பிறகு, மீன் வளத்தை வைத்து அரசாங்கம் ஒவ்வொரு ஆற்றுக்கும் தரும் தரத்தைப் பொறுத்தது. மூன்றாம் தரம் என்றால் வருடம் முழுக்க ஒரு மீனும் எடுக்கக் கூடாது. தூண்டிலில் பிடித்ததை விற்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை சால்மன் தூண்டிலே போடக் கூடாது, அன்று ட்ரவுட் மட்டும்தான். வாங்க நினைக்கிறவர்கள் இதையெல்லாம் கட்டுப்பாடு என்று பார்க்காமல், சொத்தின் நிலைமை என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு தொடங்கியது 1952-இல். அதிலிருந்து தூண்டிலில் மிகக் குறைவாக சால்மன் பிடிபட்ட வருடம் 2023. அதே வருடக் கடைசியில் சர்வதேச சிவப்புப் பட்டியலில் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாக அறிவித்தார்கள்.

விற்பனைப் புத்தகம் ஆற்றுக்குப் பத்து வருடச் சராசரி மட்டும் தருகிறது. ஐந்து வருடச் சராசரியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், படம் மாறும். கூடவே எத்தனை பேர் எத்தனை நாள் தூண்டில் போட்டார்கள் என்றும் கேளுங்கள். ஆள் குறைந்ததால் மீன் குறைந்ததா, மீனே இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

மலை ஏரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல காட்டு ட்ரவுட், சிறிதுதான், சுவை அபாரம். இரண்டு படகுகளில் ஒன்று ஒழுகுகிறது.

ஆற்றங்கரையில் நடக்கும்போது ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நிழலே இல்லை. மைல் கணக்கில் மொட்டைக் கரை. கோடையில் வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. 2018 கோடையில் ஸ்காட்லாந்தின் பல ஆறுகளில் வெப்பம் 23 டிகிரியைத் தாண்டியது. குஞ்சு சால்மனுக்கு அது தாங்காத சூடு. கரையில் பிர்ச்சும் ஆல்டரும் வில்லோவும் நின்றால் தண்ணீர் குளிரும், இலையில் இருந்து விழும் பூச்சி குஞ்சுகளுக்குத் தீனியாகும். சரி, ஏன் மரம் இல்லை? முளைக்காமல் இல்லை. குனிந்து ஹெதர் புதரை விலக்கிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ரோவன் கன்றும் பிர்ச் கன்றும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நுனி கடிபட்டிருக்கிறது. மான்.

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. புத்தகத்தில் மீனுக்குத் தனிப் பக்கம், மானுக்குத் தனிப் பக்கம். நிலத்தில் அப்படிப் பிரிவு கிடையாது. மான் அதிகமானால் கன்று வளராது, கன்று வளராவிட்டால் ஆறு சூடாகும், ஆறு சூடானால் சால்மன் இல்லை. ஓநாயும் லிங்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையும் அழிந்து பல நூற்றாண்டுகளான தீவில் இந்தக் கணக்கைச் சரிசெய்யத் துப்பாக்கியைத் தவிர வேறு கை இல்லை. வேட்டை என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நான் சுட ஆரம்பித்ததும் இதனால்தான்.

மலைக்குப் போகும் முதல் நாள் காலை, லாட்ஜுக்குப் பின்னால் இரும்பில் வெட்டி வைத்த மான் உருவத்தின் மேல் சுட்டுக் காட்ட வேண்டும். அதில் கை ஆடினால் ஸ்டாக்கர் மலைக்குக் கூட்டிப்போக மாட்டார், நீங்கள் எத்தனை ஆயிரம் பவுண்ட் கட்டியிருந்தாலும் சரி. எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும். துப்பாக்கியை உறையில் போட்டு அவரே சுமந்து வருவார். அடிக்கடி நின்று, கைத்தடியில் தொலைநோக்கியைச் சாய்த்து எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். காற்று நம் முகத்துக்கு வர வேண்டும். முதுகுக்கு வந்தால் அரை மைலுக்கு அப்பாலேயே மான் மோப்பம் பிடித்துவிடும். கடைசி இருநூறு கஜம் ஓடைக்குள் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். பீட் தண்ணீர் காலர் வழியாக உள்ளே இறங்கும்.

ஒரு தடவை எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு ராஜா மாதிரி மான் நின்றது. அவர் அதைக் காட்டவே இல்லை. அதற்குப் பின்னால் முதுகு குழிந்து, கொம்பு தேய்ந்து நின்ற கிழட்டு மானைக் காட்டி, "அது இந்தக் குளிர்காலம் தாண்டாது, அதை எடுங்க" என்று காதில் சொன்னார். அது பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை நெடுநேரம் காத்திருந்தோம். சுட்ட பிறகு அவர் மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்ததைப் பார்த்தேன். பலர் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் குனிந்து பார்த்தேன், என் தொழில் அப்படி. நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார், ஈரலைப் புரட்டினார், நுரையீரலைத் தடவினார். எங்கள் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதே நிதானத்தைத்தான் நான் கற்றுக்கொடுக்கிறேன். அப்புறம் மானை ஹைலேண்ட் குதிரை மேல் ஏற்றிக் கட்டி இறக்கினோம். பல எஸ்டேட்டுகளில் எட்டுச் சக்கர வண்டிதான். இங்கே இன்னும் குதிரை இருக்கிறது, அதனால் ஈர மண் கிழிபடுவதில்லை. இறைச்சி தொங்கவிடும் அறை வெள்ளை ஓடு பதித்து, பளிச்சென்று இருக்கிறது. எடை, வயது, கீழ்த்தாடைப் பல் எல்லாம் அன்றன்றைக்கே பேரேட்டில் ஏறிவிடும்.

ஆனால் விருந்தினர்கள் பணம் கொடுத்துச் சுடும் ஆண் மானால் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு ஆண் மான் போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். குட்டி போடும் பெண் மானைக் குறைத்தால்தான் கூட்டம் குறையும். அதற்கான காலம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. பகல் ஏழு மணி நேரம்கூட இருக்காத, பனி கொட்டும் நாட்களில், ஒரு விருந்தினரும் இல்லாமல் ஸ்டாக்கர் தனியாகச் செய்யும் வேலை அது. ஆண் மானுக்கு இருந்த தடைக்காலத்தை அரசாங்கம் 2023 அக்டோபரில் எடுத்துவிட்டது, ஆனாலும் பாரம் இந்தக் குளிர்கால வேலையில்தான்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் ஹைலேண்டின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைகளில் உள்ள க்ளென்ஃபெஷிக்கு ஒரு நடை போய் வாருங்கள். டென்மார்க்காரர் ஆண்டர்ஸ் போல்சன் 2006-இல் வாங்கிய எஸ்டேட். மானைக் கடுமையாகக் குறைத்தார்கள். பள்ளத்தாக்கில் இன்று வேலியே இல்லாமல் பைன் கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. நம்முடைய இந்த எஸ்டேட்டிலும் மேல் ஓடை ஒன்றின் ஓரம் மூன்று வளைவுகளுக்கு இளம் பிர்ச் தலைகாட்டியிருக்கிறது. அந்த ஸ்டாக்கரின் சில வருடக் குளிர்கால வேலைக்குக் கிடைத்த பலன் அது. புத்தகத்தில் அதற்கு ஒரு படம்கூட இல்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. "மனிதக் கை படாத வனாந்தரம்" என்று புத்தகம் எழுதுகிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பச்சைத் திட்டில் வரிசையாகக் கல் அடித்தளங்கள் இருக்கின்றன. அவை வீடுகள். பக்கத்து ஸ்ட்ராத்நேவரில் 1814-இலும் 1819-இலும் ஆட்டுப் பண்ணைக்காக அங்கே குடியிருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக விரட்டினார்களே, அதே கதைதான் இங்கேயும். ஆடு லாபம் தராமல் போனபோதுதான் மலை மானுக்குப் போனது. வாங்குகிறவர் அந்தக் கற்களைத் தொடாமல் விட வேண்டும், வருகிறவர்களுக்குக் காட்டவும் வேண்டும்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை ஸ்காட்லாந்து வக்கீலிடம் கேளுங்கள். மலையில் ஓடும் மான் யாருக்கும் சொந்தமில்லை. சுடும் உரிமைதான் நிலத்தோடு வரும். சால்மன் பிடிக்கும் உரிமை இங்கே நிலத்திலிருந்து தனிச் சொத்து, அதனால் இரு கரைக்கும் அது இந்த விற்பனையில் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். 2003-ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடக்கும் எவரும் உங்கள் மலையில் நடக்கலாம். வேலி போட்டு "உள்ளே வராதே" என்று பலகை வைக்க முடியாது. எனக்கு அது நல்ல சட்டம். எஸ்டேட்டுக்குள் க்ராஃப்டர்கள், அதாவது சிறு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவர்கள், இருக்கிறார்கள். அவர்களை எளிதில் வெளியேற்ற முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு 1886 முதல் உண்டு, தங்கள் துண்டு நிலத்தை வருட வாடகையின் பதினைந்து மடங்குக்கு வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. வாங்கும்போது கட்டும் வரியைப் பொறுத்தவரை, வீடும் விவசாய நிலமும் கலந்த சொத்து என்பதால் குடியிருப்பு விகிதம் இல்லை. உதாரணத்துக்கு விலை 50 லட்சம் பவுண்ட் என்றால் வரி 2,38,500 பவுண்ட் வரும். குடியிருப்பு விகிதத்தில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

வருமானம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு ஆண் மானுக்கு விருந்தினர் தருவது சில நூறு பவுண்ட். தூண்டில் வாடகை, லாட்ஜ் வாடகை எல்லாம் சேர்த்தாலும் சம்பளம், எண்ணெய், கூரை, பாதை என்று போட்டால் கையிலிருந்துதான் போகும். பீட் நிலத்தில் அந்தக் காலத்தில் வெட்டிய வடிகால்களை அடைக்க அரசாங்க மானியம் உண்டு, மரம் நடவும் உண்டு. அதை முறையாக வாங்கினால் மலைக்கும் ஆற்றுக்கும் நல்லது, செலவும் கொஞ்சம் குறையும்.

ஆக, வாங்கலாமா? லாட்ஜில் கூடிக் கொண்டாட மட்டும் என்றால் வேண்டாம், வாரக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள், அதுவே மலிவு. மலையையும் ஆற்றையும் சேர்த்துப் பார்க்கும் மனசு கூட்டில் எல்லோருக்கும் இருந்தால் வாங்குங்கள், நானும் ஒரு பங்கு போடுகிறேன். என் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஸ்டாக்கரின் வேலையும் அந்த மூன்று படுக்கையறை வீடும் அவருக்குத் தொடரும் என்று விலை சொல்லும் கடிதத்திலேயே எழுத வேண்டும். அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், பிள்ளைகள் இரண்டும் அந்த ஊர்ப் பள்ளியில். அந்தக் குடும்பம் போனால் அந்த வகுப்பு இருக்குமா என்பதே சந்தேகம்.

பார்க்கப் போகிறவர்கள் ஆகஸ்டில் போகாதீர்கள். ஹெதர் ஊதா நிறத்தில் பூத்திருக்கும், ஆறும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்று நின்றதும் மிட்ஜ் பூச்சி மொய்த்து ஐந்து நிமிடம் நின்று எதையும் பார்க்க விடாது. ஜனவரியில் போங்கள். ஏஜென்டுடன் லாட்ஜைச் சுற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். மீதிப் பகலுக்கு ஸ்டாக்கரிடம் அனுமதி கேட்டு அவரோடு மலைக்குப் போங்கள். நல்ல பூட்ஸ், இரண்டு ஜோடி காலுறை, சூடாகக் குடிக்க ஏதாவது. மேல் ஓடையின் அந்த மூன்று வளைவுகளைக் காட்டச் சொல்லுங்கள், எதிர்க்கரை மொட்டையாக இருப்பதையும் பாருங்கள். விலை சொல்லக் கடைசித் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. அறிவித்தால் சில வாரம்தான் கிடைக்கும், அதனால் வக்கீலை இப்போதே பிடித்து வையுங்கள்.